சக்கரத்தின் மேல் ஒரு வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். வீடு கட்டுவதில் உள்ள கஷ்டங்களாக அவர்கள் நினைத்தவை பணத் தட்டுப்பாடும், கொத்தனாரின் வாக்குறுதிகளும், அகாலத்தில் வரும் மழையுந்தான். கைப்பணத்தைக் கொடுத்து வாங்கிய சொந்த நிலத்தில் ஒருவன் நின்றுகொண்டிருக்கும்போது, "நீ இன்ன பாஷை பேசுகிறவன், ஆகையால் இங்கே நீ வீடு கட்டலாகாது" என்று ஒரு சர்க்கார் குறுக்கே வந்து நிற்கும் என்பதை அவர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். அப்படி நின்ற ஒரு சர்க்காரையும், அதற்கு ஒரு குடியானவர் கொடுத்த பதிலையும், அது நடந்த சிற்றூரின் சரித்திரத்தையும் இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

போலந்து தேசத்தின் மேற்குப் பகுதியில் போஸ்னன் என்ற நகரம் இருக்கிறது. அதற்குத் தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் ரகோன்யெவிட்ஸே என்ற சின்னப் பட்டணம். அதன் பக்கத்தில்தான் நம் கிராமம். ரை என்னும் தானியமும் உருளைக்கிழங்கும் விளைகிற சமவெளி அது. எந்தப் பெரிய அரசனுடைய பெயரும் அந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. ஆனாலும் அந்தக் குக்கிராமத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதன் சரித்திரம் முழுவதும் அதனுடைய மூன்று பெயர்களில் அடங்கியிருக்கிறது.

பழைய போலிஷ் பெயர் பொட்கிரடோவிட்ஸே. ஜெர்மானியர் ஆட்சியில் அதற்குக் கைஸர்ட்ராய் என்று பெயர். 'சக்கரவர்த்திக்கு விசுவாசமுள்ளது' என்பது அதன் பொருள். இன்றைய பெயர் ஜிமாவோவோ. அதாவது ஜிமாவா என்பவரின் ஊர். சக்கரவர்த்தியின் பெயர் போய் ஒரு குடியானவரின் பெயர் எப்படி வந்தது என்பதுதான் கதை.

தேசம் காணாமற் போனது

பூகோளப் பாடம் நடத்தும்போது, "ஸார், ஒரு தேசம் படத்திலிருந்து காணாமற் போகுமா?" என்று பையன்கள் கேட்பதுண்டு. போகும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று ராஜ்யங்கள் போலந்தை மூன்று தடவையாக, 1772, 1793, 1795-ம் வருஷங்களில், பங்கு போட்டுக்கொண்டன. மூன்றாவது பங்கீட்டுக்குப் பிறகு பங்கு போட ஒன்றும் மிஞ்சவில்லை. 1918 வரையில், 123 வருஷ காலம், ஐரோப்பாப் படத்தில் போலந்து சுதந்திர நாடாக இல்லை.

போஸ்னன் பிரதேசம் 1793-ல் பிரஷ்யாவின் கைக்குப் போயிற்று. நெப்போலியன் காலத்தில் சில வருஷம் விடுபட்டு, 1815-ல் மறுபடியும் அதன் கைக்கே வந்து சேர்ந்தது. 1871-ல் பிஸ்மார்க் ஜெர்மன் சாம்ராஜ்யத்தை ஸ்தாபித்த பின் ஆட்சியின் பிடி இறுகிற்று. கச்சேரியிலும் கோர்ட்டிலும் ஜெர்மன், பள்ளிக்கூடத்திலும் ஜெர்மன். ஆனால் பாஷையை மாற்றினால் மட்டும் போதாது, நிலத்தையும் மாற்ற வேண்டும் என்று பிஸ்மார்க் கண்டுகொண்டார். ஜனங்கள் காலூன்றி நிற்கும் வரையில் அவர்கள் நாவும் பேசிக்கொண்டேதான் இருக்கும் அல்லவா?

ஆகவே 1886-ல் ஒரு குடியேற்றக் கமிஷன் ஏற்பட்டது. அதற்கு 10 கோடி மார்க் மூலதனம் ஒதுக்கப்பட்டது. கடனில் மூழ்கிய போலிஷ் ஜமீன்தார்களின் நிலத்தை விலைக்கு வாங்குவது, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து ஜெர்மன் குடியானவர்களை அழைத்து வந்து குடியேற்றுவது: இவைதான் அதன் வேலை. பின்னால் பணம் மேலும் மேலும் கொட்டப்பட்டது. 1918 வரையில் சுமார் 22,000 குடும்பங்களை அந்தக் கமிஷன் குடியேற்றியது.

போலிஷ் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ருஷ்ய ஆட்சியின் கீழிருந்த அவர்களுடைய சகோதரர்கள் 1863-ல் ஆயுதம் எடுத்துத் தோற்றதை அவர்கள் பார்த்திருந்தார்கள். எனவே கத்தியை உறையில் போட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்தார்கள். ஊர் தோறும் கூட்டுறவுச் சங்கம், நாணயச் சங்கம், விவசாய சங்கம். பியோத்தர் வவ்ஜிநியாக் என்ற பாதிரியார் இந்தச் சங்கங்களை யெல்லாம் ஒரு பெரிய கூட்டமைப்பாகக் கட்டி நடத்தினார். குடியானவனின் சிறுசேமிப்பு வங்கிக்கு வரும். வங்கி அந்தப் பணத்தைக் கொண்டு விற்பனைக்கு வந்த எஸ்டேட்டை வாங்கிக் கூறு போட்டு, நிலமில்லாத போலிஷ்காரனுக்குத் தவணையில் விற்கும். கமிஷன் செய்த அதே காரியத்தைக் கமிஷனிடமே கற்றுக்கொண்டு, சர்க்கார் பணம் ஒரு காசும் இல்லாமல் செய்தார்கள்! இதன் பலனாகச் சில வருஷங்களில் ஜெர்மானியர் கையிலிருந்து போலிஷ்காரர் கைக்குப் போன நிலம், எதிர்த்திசையில் போன நிலத்தைக் காட்டிலும் அதிகமாகிவிட்டது.

பணத்தால் முடியாததைச் சட்டத்தால் செய்யலாம் என்று சர்க்கார் தீர்மானித்தது. வல்லான் வகுத்தது வாய்க்கால் அல்லவா?

பெயர் சொல்லாத சட்டம்

1904-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10-ம் தேதி பிரஷ்யாவில் ஒரு சட்டம் வந்தது. புதிய இடத்தில் வீடு கட்ட விரும்புகிறவர் ஓர் அத்தாட்சிப் பத்திரம் பெறவேண்டும். 1886-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் நோக்கத்துக்கு அந்த வீடு விரோதமாக இல்லை என்று ஜில்லாவுக்கு மேற்பட்ட அதிகாரி எழுதிக் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கட்டட அனுமதி இல்லை.

இந்தச் சட்டத்தின் சாமர்த்தியத்தை நேயர்கள் கவனிக்கவேண்டும். போலிஷ்காரன் வீடு கட்டக்கூடாது என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை. பிரஷ்யப் பிரஜைகள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என்று 1850-ம் வருஷத்து அரசியல் அமைப்பு முழங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருவரும் ரத்து செய்யவுமில்லை. ஆனால் 1886-ம் வருஷச் சட்டத்தின் நோக்கம் என்ன? ஜெர்மானியரைக் குடியேற்றுவது. அப்படியானால் போலிஷ்காரன் கட்டும் வீடு அந்த நோக்கத்துக்கு விரோதமாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? இவ்வாறு ஒருவர் பெயரையும் சொல்லாமல் ஒரு ஜாதி முழுவதற்கும் கதவை அடைத்தாயிற்று. நிலத்தை வாங்கலாம், உழலாம், விதைக்கலாம், பொழுது சாய்ந்தால் போய்ப் படுக்கத்தான் இடமில்லை.

அந்த வருஷத்தில்தான் மிஹாவ் ஜிமாவா என்ற குடியானவர் பொட்கிரடோவிட்ஸேயில் கொஞ்சம் நிலம் வாங்கினார். அவர் 1857-ல் அதே பிரதேசத்தில் பிறந்தவர். அப்பொழுது 47 வயது. அவருடைய குடும்பப் பெயர், தூங்கி வழிவதைக் குறிக்கும் போலிஷ் சொல்லுக்கு இனமானது. ஆனால் அடுத்த ஐந்து வருஷம் பிரஷ்ய அதிகாரிகள் பலரை அவர் தூங்கவிடவில்லை.

முறைப்படி வீடு கட்ட அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை. நிலத்தில் இருந்த கொட்டிலில் மனைவி மக்களோடு தங்கினார். கொட்டில் மாட்டுக்கும் வைக்கோலுக்கும் உரியது. மனிதர் வசித்தால் அது வீடாகிவிடும். வீட்டுக்கோ அனுமதி இல்லை என்று அதையும் தடுத்தார்கள்.

அப்போதுதான் ஜிமாவா, ஒரு சர்க்கஸ் கூட்டத்தார் உபயோகித்த வண்டியை விலைக்கு வாங்கித் தம் நிலத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மரச் சுவர், கூரை, ஜன்னல், கீழே நான்கு சக்கரம். குடும்பம் அதற்குள் குடியேறிற்று.

இருபத்து நான்கு மணி நேரம்

அதிகாரிகள் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஒரே இடத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, மனிதர் வசிக்கும் எதுவும் வீடுதான் என்று வியாக்கியானம் செய்தார்கள். ஜிமாவா அந்த வியாக்கியானத்தை மறுக்கவில்லை. மிக்க மரியாதையுடன் அப்படியே ஏற்றுக்கொண்டார். தினந்தோறும் வண்டியைச் சிறிது தூரம் நகர்த்தி வைத்தார்! இன்று இந்த வரப்பு, நாளைக்கு அடுத்த சால். சட்டம் 24 மணி என்றால் வண்டி அதற்குள் புறப்பட்டுவிடும்.

நினைத்துப் பார்க்கச் சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஐரோப்பாவிலேயே மிகுந்த ஒழுங்குள்ளதென்று பெயர் வாங்கிய சர்க்கார் ஒரு பக்கம். சர்க்கஸ் வண்டி மறுபக்கம். வண்டி நகர்ந்ததா, இல்லையா என்று பார்க்கப் போலீஸ்காரர் வயல் வெளிக்கு நடையாய் நடக்கவேண்டியதாயிற்று. ஆனால் வண்டிக்குள்ளே இருந்தவர்களுக்கு அது வேடிக்கையல்ல. அந்தப் பிரதேசத்துக் குளிர் காலம் பனியும் வாடையும் கூடியது. பலகைச் சுவருக்குள் குழந்தைகளை வைத்துக்கொண்டு குளிர் காலத்தைக் கழிப்பதென்றால் என்ன என்பதை அந்தத் தாயிடம் கேட்டால்தான் தெரியும். வீரன் என்று உலகம் கணவனைக் கொண்டாடுகிறபோது, அந்த வண்டிக்குள் கஞ்சி காய்ச்சினவளை நாமாவது ஒரு கணம் நினைத்துக்கொள்ளவேண்டும்.

அபராதம் வந்தது; காவலில் வைத்தார்கள்; வழக்கு மேல் வழக்காகக் கோர்ட்டு ஏறிற்று. வண்டிக்குள் அடுப்பு இருந்ததல்லவா? அது கட்டட விதிகளுக்கும் நெருப்பு அபாய விதிகளுக்கும் பொருந்தவில்லை என்ற காரணம் அதிகாரிகளுக்குக் கைகொடுத்தது. வண்டியிலும் வசிக்க முடியாமற்போகவே, ஜிமாவா மண்ணால் ஒரு குடிசை எழுப்பி அதில் புகுந்தார். எலி வளையானாலும் தனி வளை என்பது எந்த நாட்டிலும் உண்மைதான். அந்த வளையும் நிலைக்கவில்லை. கோர்ட்டுகள் ஒவ்வொன்றிலும் அவர் தோற்றார். கடைசியில் 1909-ல் அந்த நிலத்தை விட்டுவிட்டு, பக்கத்தில் வேறோர் ஊரில் ஏற்கெனவே பழைய வீடு நின்ற ஒரு மனையை வாங்கிக் குடியேறினார். புதிய வீட்டுக்குத்தானே தடை? பழைய வீட்டை யார் என்ன செய்ய முடியும்?

சட்டப்படி பார்த்தால் ஜிமாவா தோற்றுப் போனார். ஆனால் அதற்குள் வண்டி ஐரோப்பா முழுவதும் ஓடிவிட்டது. பல நாட்டுப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. ஜனங்கள் பணம் வசூலித்து அவருக்குப் புதிய வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். பழைய வண்டி, ஆஸ்திரிய ஆட்சியில் ஓரளவு சுயாட்சி பெற்றிருந்த கிராக்கோ நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, ஜனங்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

அந்த நாளில் ஜிமாவா தனி மனிதராக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1901-ல் வ்ஜெஷ்னியா என்ற பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் மத போதனையை ஜெர்மன் மொழியில் ஏற்க மறுத்த குழந்தைகள் பிரம்படி பட்டார்கள்; அதைக் கண்டித்த பெற்றோர்கள் சிறை சென்றார்கள். 1906-லும் 1907-லும் பல பதினாயிரம் குழந்தைகள் அதே காரணத்துக்காக வாய் திறக்க மறுத்தார்கள். பிள்ளைகளைப் பேச வைப்பதே எங்கள் தொழில். பிள்ளைகளின் மௌனத்தைக் கண்டு ஒரு சாம்ராஜ்யம் நடுங்கிற்று என்பதைப் படிக்கும்போது ஓர் ஆசிரியனுக்கு என்னவோ செய்கிறது.

1908-ல் சர்க்கார் இன்னும் ஒரு படி மேலே போய், போலிஷ் நிலங்களைக் கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. அந்த வருஷத்தில்தான் மரியா கொனொப்னிட்ஸ்கா என்ற கவியரசி 'ரோட்டா' என்ற பாட்டை எழுதினாள். 'பிரமாணம்' என்று அதற்குப் பொருள். நிலத்தைக் கைவிட மாட்டோம் என்பது அதன் கருத்து. பெலிக்ஸ் நொவொவியெய்ஸ்கி அதற்கு மெட்டமைத்தார். 1910-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி, போலிஷ் சேனை ஜெர்மன் வீரப் படையை வென்ற குருன்வால்டு யுத்தத்தின் 500-வது ஆண்டு விழாவில், கிராக்கோவில் கூடிய பெரும் ஜனத்திரள் முன் அது பாடப்பட்டது.

பாடினவர்கள் மறந்தார்கள்

1918-ல் போலந்து மறுபடியும் உயிர் பெற்றது. டிஸம்பர் மாதக் கடைசியில் போஸ்னன் பிரதேசம் ஆயுதமெடுத்துத் தன்னைத் தானே விடுவித்துக் கொண்டது. பாட்டு தெருவெல்லாம் ஒலித்தது. பாட்டுக்குரிய மனிதர்?

அவரைப் பல வருஷம் யாரும் தேடவில்லை. வயது முதிர்ந்து, வசதியின்றி, எங்கோ ஒரு மூலையில் வாழ்ந்துகொண்டிருந்தார். 1920-களின் பிற்பகுதியில்தான் யாரோ நினைவுபடுத்த, கிராபுவ்னோ என்ற ஊரில் அவருக்குச் சர்க்கார் ஒரு பண்ணையைக் கொடுத்தது. அங்கேயே 1937-ல், 79-வது வயதில், காலமானார். 1939-ல் பொட்கிரடோவிட்ஸேக்கு ஜிமாவோவோ என்று பெயர் சூட்டினார்கள். ஊருக்குத் தம் பெயர் வந்ததை அவர் கண்ணால் காணவில்லை.

தேசங்களின் நன்றியுணர்ச்சி பெரும்பாலும் இப்படித்தான் தாமதித்து வருகிறது. ஆனால் மறதி இதோடு நிற்கவில்லை. ஜிமாவாவை மறந்தது மட்டுமல்ல, ஜிமாவாவின் வழக்கையே புதிய போலந்து சில காலம் மறந்துவிட்டது.

பழைய கமிஷன் குடியேற்றிய ஜெர்மன் குடியானவர்கள் இன்னும் அங்கே இருந்தார்கள் அல்லவா? அவர்களில் பலருக்கு நிலப் பத்திரம் முழுவதும் பதிவாகி முடியவில்லை. 1920-ம் வருஷம் ஜூலை மாதத்தில் போலந்து செய்த சட்டமொன்றின் பலத்தால் அவர்களை வெளியேற்றத் தொடங்கினார்கள். விவகாரம் சர்வதேச சங்கத்துக்குப் போய், அங்கிருந்து ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் அபிப்பிராயத்துக்கு அனுப்பப்பட்டது. 1923-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி நீதிபதிகள் தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள்: போலந்து செய்தது, சிறுபான்மையோரைக் காப்பதாக அது கையெழுத்திட்ட உடன்படிக்கைக்கு விரோதம். சட்டத்தில் ஜெர்மானியர் என்ற பெயர் இல்லாவிட்டால் என்ன? நடைமுறையில் அது யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். ஏட்டளவில் உள்ள சமத்துவம் போதாது என்று நீதிபதிகள் எடுத்துக் காட்டினார்கள்.

1904-ல் ஜிமாவா எந்தக் கோர்ட்டிலும் பெறாத தீர்ப்பு இதுதான்! பெயர் சொல்லாத சட்டத்தின் முகமூடியை 19 வருஷம் கழித்து ஒரு நீதிமன்றம் கிழித்தது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், அப்போது முகமூடி அணிந்து நின்றது ஜிமாவாவின் சொந்த தேசம்.

இரண்டு சர்க்கார்கள்

ஊருக்குப் புதுப் பெயர் வைத்த அதே 1939-ம் வருஷம், செப்டம்பர் 1-ந் தேதி ஹிட்லரின் படைகள் போலந்தில் புகுந்தன. போஸ்னன் பிரதேசம் ஜெர்மனியோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது. லட்சக்கணக்கான போலிஷ் ஜனங்கள் வீடு வாசலை விட்டுத் துரத்தப்பட்டார்கள். பால்டிக் கடற்கரையிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் அழைத்து வரப்பட்ட ஜெர்மானியர் அந்த வீடுகளில் குடியேற்றப்பட்டார்கள். 1945-ல் யுத்தம் முடிந்ததும் அந்த ஜெர்மானியரும், அவர்களுக்கு முன் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த ஜெர்மானியரும் வெளியேற நேர்ந்தது.

இந்த இடத்தில் ஒன்றை யோசிக்கவேண்டும். 1904-ல் இருந்த பிரஷ்ய சர்க்கார் அநியாயம் செய்தது. ஆனாலும் தன் சட்டத்தின் எழுத்துக்குத் தானே கட்டுப்பட்டது. 24 மணி என்று சொன்னபின் 23-வது மணியில் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த ஒரு மணி நேர இடைவெளியில் ஒரு குடும்பம் பிழைத்துக் கிடந்தது. 1939-ல் வந்த சர்க்காருக்கு எழுத்தும் இல்லை, மணியும் இல்லை. எத்தனை ஜிமாவாக்கள் எத்தனை வண்டிகளை நகர்த்தியிருந்தாலும் பயன்பட்டிராது. சட்டத்தின் ஆட்சி, கெட்ட சட்டத்தின் ஆட்சியாக இருந்தாலுங்கூட, எளியவனுக்கு நிற்க ஒரு சாண் இடம் கொடுக்கிறது. அந்த ஒரு சாண் இடத்தை அலட்சியமாக நினைப்பவர்கள், அது இல்லாமற் போன நாட்களின் சரித்திரத்தைப் படிக்கவேண்டும்.

இன்று ரகோன்யெவிட்ஸே பட்டணத்துக்குப் போகிறவர்கள் ஜிமாவாவின் வண்டியைப் போலவே செய்து நிறுத்தியிருக்கும் ஒரு வண்டியைப் பார்க்கலாம். போலந்துக் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் சரித்திரப் பாடத்தில் வருகிறது. வருவது நியாயந்தான். ஆனால் பாடத்தின் முதற் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்தால், அது ஒரு ஜாதி மற்றொரு ஜாதியைச் சாமர்த்தியத்தால் ஏமாற்றிய கதையாக முடிந்துவிடும். பிற்பாதியாகிய ஹேக் நகரத்துத் தீர்ப்பையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுப் பாடமாகும்.

தன் நிலத்தில் தன் கூரையின் கீழ் படுத்து உறங்கும் உரிமை போலிஷ்காரனுக்கும் உண்டு, ஜெர்மானியனுக்கும் உண்டு. அடிமைப்பட்டிருக்கும்போது அந்த உரிமையைக் கேட்பது எளிது. அதிகாரம் கையில் வந்த பிறகு அதைப் பிறனுக்குக் கொடுப்பதுதான் கடினம். சுதந்திரம் பெற்ற தேசம் எதுவானாலும், அதன் எல்லைக்குள் எங்காவது ஒரு குடும்பம் வீடிருந்தும் வீடற்று, தினந்தோறும் வண்டியை நகர்த்திக்கொண்டிருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பது நல்லது. அப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டால், அதற்குள் இருப்பவர் என்ன பாஷை பேசுகிறார் என்று விசாரிப்பதற்கு முன், வீடு கட்ட அனுமதி கொடுத்துவிட வேண்டும்.